பிரிங்கிள் போட்டும் ரத்தம் நிற்கவில்லை: உங்களுக்கு நடந்ததா?

கத்திக்குட்டி:
கல்லீரலின் இடது பக்க ஓரத்தில் கட்டி, ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கிற கேஸ். கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சேர்த்துச் சுற்றிய டேப்பை இறுக்கியாயிற்று, அதுதான் பிரிங்கிள். போர்ட்டல் சிரை, ஹெபாட்டிக் தமனி இரண்டும் அடைபட்டாயிற்று என்று நம்பி வெட்ட ஆரம்பித்தோம். வெட்டிய முகத்தில் பளீரென்ற சிவப்பு ரத்தம் துடித்துத் துடித்து வருகிறது! டேப்பை இன்னும் இறுக்கினாலும் அதே கதை. சீனியர் ஒன்றும் பேசாமல் இரைப்பையையும் கல்லீரலையும் இணைக்கும் மெல்லிய சவ்வான சிறு ஓமென்டத்துக்குள் விரலை விட்டுத் தடவினார், ஓர் இடத்தில் நிறுத்தினார், ரத்தக் குழாயைக் கவ்வுகிற சின்ன புல்டாக் கிளாம்ப் கேட்டார். போட்டதும் நின்றுவிட்டது. இரைப்பைக்குப் போகும் இடது கேஸ்ட்ரிக் தமனியிலிருந்து கிளம்பி வரும் இடது ஹெபாட்டிக் தமனி. டேப்பின் பிடிக்குள் அது வரவே வராது. இது அரிதான அமைப்பும் இல்லை. பிறகு ஸ்கேனைத் திரும்பப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது, ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு வரி இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மயக்கவியல்காரன்:
உங்களுடையது துடித்தது, அதனால் தமனி என்று தெரிந்தது. பிரிங்கிள் போட்ட பிறகு வருவதில் பெரும்பாலானது துடிக்காது, கருஞ்சிவப்பாக ஊறி வரும். கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெபாட்டிக் சிரை வழியாகப் பின்னோக்கி வருவது. அதை எந்த டேப்பும் நிறுத்தாது, சி.வி.பி.தான் (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) நிறுத்தும். 5-க்குக் கீழே வையுங்கள் என்று எங்களிடம் கேட்பது அதற்குத்தான்.

கேட்டபடியே வைத்திருந்தேன் ஒருமுறை. திரவம் குறைவு, தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது, வெட்டுகிற இடம் ரத்தமில்லாமல் உலர்ந்து கிடக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். திடீரென்று மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு சரிந்தது, பின்னாலேயே பிரஷரும் விழுந்தது. சிரையில் ஒரு கிழிசல், அது ரத்தத்தை விடாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. "விரலை வைங்க!" என்று கத்தினேன். சலைன் ஊற்றி, தலையைத் தாழ்த்தி, முழு ஆக்சிஜன் கொடுத்து மீண்டார். அப்படி உலர்ந்த இடத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

தியேட்டர் அக்கா:
கடிகாரம் என் கையில் இருக்கும். 15 நிமிடம் இறுக்கு, 5 நிமிடம் விடு. "பதினஞ்சு ஆச்சு டாக்டர்" என்றால் "ரெண்டு நிமிஷம்மா" என்பார்கள். அந்த ரெண்டு எப்போது ரெண்டாக இருந்தது? சிரோசிஸ் வந்து தழும்பேறி இறுகிய கல்லீரல் அன்றைக்கு. டேப்பைத் தளர்த்தினதும் நிறம் திரும்ப வேண்டும், திரும்பியது, ஓர் ஓரத்தைத் தவிர. உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாகவே நின்றது. எல்லோரும் பார்த்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. குடலும் ரத்தம் தேங்கிப் பருத்துக் கிடந்தது.

பழைய கத்தி:
தம்பி சி.வி.பி. என்கிறார், அந்த அம்மா கடிகாரம் என்கிறார். இரண்டுமே இரண்டாம் பட்சம். முதலில் எதை அடைக்கப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும். பிரிங்கிள் என்ற சர்ஜன் 1908-ல் எழுதியது அடிபட்டுக் கிழிந்த கல்லீரலைப் பற்றி. திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனில் ரத்தம் உள்ளே நுழையும் முழு வாசலையும் மூடித்தான் ஆக வேண்டும் என்று எங்கே இருக்கிறது? சிரோசிஸ் என்றால் வெட்டும் பாதிக்குப் போகும் கிளையை மட்டும் பிடியுங்கள். மீதிப் பாதிக்கு ரத்தம் ஓடும், குடலும் தேங்காது. டேப்பை எல்லாக் கேஸிலும் சுற்றி வையுங்கள், எல்லாக் கேஸிலும் இறுக்காதீர்கள். சிறு ஓமென்டத்தைத் திறக்குமுன் தடவிப் பாருங்கள். கட்டி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையான வீனா கேவாவை ஒட்டியிருந்தால் மட்டும் கல்லீரலுக்கு மேலும் கீழும் அந்தச் சிரையையும் சேர்த்து முழு அடைப்பு. அதற்கும் முன்னால் சில நிமிடம் அடைத்துப் பார்த்து, பிரஷர் தாங்குகிறதா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். இதயம் வெளியேற்றும் ரத்தம் பாதியாகக்கூடக் குறையும், சிலருக்குத் தாங்கவே தாங்காது. சி.வி.பி. இறங்க மறுத்தால் கல்லீரலுக்குக் கீழே கேவாவைக் கொஞ்சம் நெருக்கலாம். என் அனுபவமா? சோதனை அடைப்பிலேயே ஒருவருக்குப் பிரஷர் போய்விட்டது, எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கத்திக்குட்டி:
சார், தடவிப் பார்த்துத்தான் சீனியர் கண்டுபிடித்தார், எழுதியிருக்கிறேனே. எனக்கு உறுத்துவது ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லாததுதான்.

தியேட்டர் அக்கா:
பாதியை மட்டும் பிடிக்கக் கிளையைப் பிரித்தெடுக்கவே எவ்வளவு நேரமாகும், அதையும் சொல்லுங்கள் சார். அந்தச் சிரோசிஸ் கேஸில் அங்கே ஒட்டுதல் அதிகம், விரல்கூட நுழையவில்லை.

மயக்கவியல்காரன்:
அக்கா, அந்த மங்கின ஓரம் பிறகு என்ன ஆயிற்று? வெட்டி எடுத்தார்களா, விட்டுவிட்டார்களா?

தியேட்டர் அக்கா:
விட்டுவிட்டார்கள். வார்டுக்குப் போன பிறகு எனக்குத் தெரியாது.