அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி) ஹோர்மோன் உருவாகும் பாதையை எவ்வளவு படித்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை இன்டர்ன்:

இரண்டாம் ஆண்டில் அறைச் சுவரில் அந்தப் பாதையின் படத்தை ஒட்டி, கொலஸ்ட்ரோலில் தொடங்கி ஒவ்வொரு நொதியாகப் பாடமாக்கினேன். சோதனை முடிந்து ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டது. திரும்ப நினைவுக்கு வந்தது சிறுவர் வார்டில்.

பிறந்து 12 நாளான ஆண் குழந்தை. வாந்தி, நிறை குறைவு, பால் குடிக்கவும் தெம்பில்லை. பைலோரிக் ஸ்டெனோசிஸ், அதாவது இரைப்பையின் வெளிவாய் குறுகும் நோய் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரத்தத்தில் சோடியம் 118, மிகக் குறைவு; பொட்டாசியம் 7.4, மிக அதிகம். அந்த நோயில் பொட்டாசியம் குறையவல்லவா வேண்டும்? ரெஜிஸ்ட்ரார் அக்கா துணியை விலக்கி, விதைப்பை கறுத்திருப்பதைக் காட்டினார். "எங்க அடைபட்டிருக்கு, சொல்லுங்கோ தம்பி."

எனக்கு ஊர் வாய்க்கால்தான் கண்ணுக்குள் வந்தது. ஒரு கிளையில் மண் விழுந்தால் அந்த வயல் காயும், பக்கத்து வயலில் வெள்ளம் நிற்கும். 21-ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதி இல்லையென்றால், உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் அல்டொஸ்டிரோனும், உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கோர்ட்டிசோலும் வற்றும்; தேங்கியது ஆண் ஹோர்மோன் பக்கம் பாயும். கோர்ட்டிசோல் இல்லாததால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹோர்மோனை அள்ளி விடும், கறுப்பு அதனால்தான். பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பைப் பார்த்தே பெரும்பாலும் சந்தேகம் வந்திருக்கும். ஆண் பிள்ளையை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

சேலைனும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஏற்றினோம். இரண்டாம் நாள் பிள்ளை பாலுக்கு அழுதது.

தம்பி தங்கைகளே, 21, 11, 17 என்ற எண்களுள்ள ஹைட்ரொக்சிலேஸ் நொதிகளின் மூன்று அடைப்புகளையும் பார்க்காமல் வரையப் பழகுங்கள். 11 அடைபட்டால், உப்பைப் பிடித்து வைக்கும் இன்னொரு ஹோர்மோனான டீஒக்சிகோர்ட்டிகொஸ்டிரோன் தேங்கி இரத்த அழுத்தம் ஏறும். 17 என்றாலும் ஏறும், கூடவே பருவமடைதலும் நடக்காது. ஜீன் பெயர்களைப் பிறகு பார்க்கலாம்.

கடைசி ஆண்டு மாணவி:

எனக்கு மருத்துவ வார்டில் நடந்தது. மூட்டுவாதத்துக்குப் பல வருடமாகப் பிரெட்னிசொலோன் (கோர்ட்டிசோல் போல வேலை செய்யும் ஸ்டீரொயிட் மாத்திரை) எடுத்த ஒரு அம்மா, மயங்கிய நிலையில் வந்தார். இரத்த அழுத்தம் 80/50, மிகக் குறைவு. பொட்டாசியம் சரியாக இருந்ததால் அட்ரீனல் பிரச்சினை இல்லை என்று எழுதிவிட்டேன். பிழை. அந்த மாத்திரை அமுக்கி வைத்தது ஏசிடிஎச்சை, அதனால் வற்றியது கோர்ட்டிசோல் மட்டும்தான். அல்டொஸ்டிரோனை நடத்துவது முக்கியமாகச் சிறுநீரகம் சுரக்கும் ரெனின், அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. படத்தின் இந்த மேல்பாதியை நான் கவனித்துப் படித்ததே இல்லை.

அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்த தாதிதான் வெறும் மாத்திரை அட்டையைக் கண்டெடுத்தார். மருந்து முடிந்து ஒரு வாரமாம். 100 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டோம். பின்னேரம் எழுந்திருந்து, "பிள்ளை, ஒரு பிளேன்டீ கிடைக்குமா?" என்று கேட்டார்.