ஈறு நோய் என்று நினைத்து, கடைசியில் பூஞ்சை என்று தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

சேலத்துப் பையன்:
2021 ஜூன். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு போட்டதில் அப்பாவுக்குச் சர்க்கரை 400ஐத் தாண்டி, ஒருவழியாக வீடு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மேல்வரிசையில் நாலு பல் ஆடுகிறது என்றார். பல் டாக்டர் ஈறு நோய் என்று சுத்தம் செய்து மாத்திரை கொடுத்தார். சீழ் நிற்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பல்லைப் பிடுங்கினார். அந்தக் குழி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ரத்தமே வரவில்லை. உள்ளே எலும்பு சாம்பல் நிறத்தில், காய்ந்த கொட்டாங்குச்சி மாதிரி. டாக்டர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கருப்பு பூஞ்சை. மே மாதமே தமிழக அரசு அதை, ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, டிவியில் தினமும் சொன்னார்கள், ஆனால் கண், மூக்கு என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. இந்தப் பூஞ்சைக்குப் போடும் ஆம்போடெரிசின் ஊசிக்கு அலைந்தது தனிக்கதை. பாதி மேல்தாடை போய்விட்டது. அண்ணத்தில் தட்டு மாட்டித்தான் சாப்பிடுகிறார்.

ராஜி அக்கா:
தம்பி, படிக்கவே மனசு பதறுகிறது. ஆனால் எல்லாப் பூஞ்சையும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு மேல் அண்ணம் எரிச்சல், ஈறு புண் என்று மவுத்வாஷாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பல்செட்டைக் கழற்றினால், அதன் அச்சு அப்படியே மிளகாய்ப்பழச் சிவப்பில் பதிந்திருந்தது! கேண்டிடா, வாயில் சாதாரணமாக வரும் பூஞ்சை. ராத்திரியும் கழற்றாமலே போட்டிருந்திருக்கிறார். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தடவி, செட்டையும் சுத்தம் செய்து, ராத்திரி தண்ணீரில் போட்டதும் சரியாயிற்று.

வீசிங் நோயாளி:
எனக்கு இன்ஹேலரால் நாக்கில் வெள்ளை படிந்தது, அவ்வளவுதான். ஆனால் அக்கா சொல்வதைப் படித்துவிட்டு யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை, துடைத்தால் சிவந்த புண் என்றால் பெரும்பாலும் கேண்டிடா, காத்திருந்து காட்டலாம். சர்க்கரை ஏறி இருக்கிறது, மேல் பற்கள் திடீரென்று கூட்டமாக ஆடுகின்றன, கன்னம் மரத்துப்போகிறது, மூக்கில் கறுப்பாக வருகிறது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், திசுப் பரிசோதனை. கருப்பு பூஞ்சை ரத்தக் குழாயை அடைத்துத் திசுவைச் சாகடிக்கிறது, நாள் கணக்கில் பரவும். ஆம்போடெரிசின் ஊசி போடும்போது கிரியேட்டினினை, அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரையைக் குறைக்காமல் ஊசி மட்டும் போட்டுப் பயனில்லை.

சேலத்துப் பையன்:
கன்னம் மரத்துப்போச்சு என்று அப்பா நாலு நாள் சொன்னார், சார். பல்வலி மாத்திரையால் இருக்கும் என்று நான்தான் சொன்னேன்.