டீலர் ‘தேறாது’ என்று ஒதுக்கிய செயின்சா, வாங்கலாமா?

கேள்வி:
மரம் அறுக்கும் பழைய பெட்ரோல் செயின்சா ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது. ஸ்டார்ட் ஆகாது, ஆனால் கயிறு இழுத்தால் இறுக்கம் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாத தலைவலியா?

பதில்:
இறுக்கத்தை மட்டும் நம்பாதீங்க. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி. மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டியிருப்பார்கள், இல்லை எங்கோ காற்று கசிந்து சூடேறியிருக்கும். சும்மா கொடுத்தாலும் யோசிக்கணும்.

பதில்:
டீலர் ஒதுக்க பாதி காரணம் கூலிதான், மணிக்கணக்கில் பில் போட்டால் புது மெஷின் விலையை நெருங்கிவிடும், உங்க நேரத்துக்கு யார் பில் போடப் போறாங்க? பெட்ரோல் டியூப் விறைத்து வெடித்திருக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, அதான் டயஃப்ரம், தகடு மாதிரி ஆகியிருக்கும். இரண்டையும் மாற்றினாலே பல மெஷினுக்கு உயிர் வந்துவிடும்.

கேட்டவர்:
பார்த்துட்டேன், கீறல் இல்லை. டயஃப்ரம் கிட் எதுன்னு எப்படித் தெரியும்?

பதில்:
கார்புரேட்டர் மேலேயே பொறித்திருக்கும், எந்தக் கம்பெனி, வால்ப்ரோவா சாமாவா என்று பார்த்து, மாடல் எண்ணோடு கேளுங்கள். அப்புறம் பெட்ரோல்-ஆயில் கலவை பொதுவாக 50:1, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். செயினை நிறுத்தும் செயின் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்காமல் மரத்தில் வைக்காதீங்க.