புதுப்பிப்பு: எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் பேஸ் மெலிந்த சிக்கல் தீர்ந்தது

என் புது எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களில் (மின்னேற்றிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் திறந்த பேனல்கள்) பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இல்லை, வலது பேனலில் சடசடப்பு, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேஸைச் சரிசெய்தது, "சுவரை விட்டு வெளியே இழுங்கள்" என்ற யோசனைதான். பேனலின் பின்பக்க ஒலி எதிர்க் கட்டத்தில் (முன்பக்க அலை மேடாக இருக்கும்போது இது பள்ளமாக) கிளம்பி, சுவரில் பட்டுத் திரும்பும். 40 செ.மீ. இடைவெளியில் அது முன்பக்க ஒலிக்குச் சுமார் 215 ஹெர்ட்ஸில் வலுவூட்டியது. அதற்குக் கீழே போகப்போக இரண்டும் ஒன்றையொன்று அழித்தன. 1.2 மீட்டருக்கு நகர்த்தியதும் வலுவூட்டல் 70 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியது. டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கனம் இப்போது முழுசாகக் கேட்கிறது, அருமை!

சடசடப்புக்குக் காரணம் தூசியும் ஈரப்பதமும். பிளக்கைக் கழற்றி, ஓர் இரவு விட்டு (உள்ளே சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் இருக்கும்), மென்மையான பிரஷ் மாட்டிய வேக்குவம் கிளீனரால் மெதுவாக உறிஞ்சினால் போதும். ஈரத்துணி கூடவே கூடாது.

எதிர்பாராதது: வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் வயரை 8 ஓம் டேப்பிலிருந்து (ஸ்பீக்கரின் தடைக்கேற்ப இருக்கும் இணைப்பு முனை) 4 ஓமுக்கு மாற்றியதும் மங்கலான ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) திறந்துகொண்டது. பேனல் ஒரு கெபாசிட்டர் மாதிரி. அதிர்வெண் ஏற ஏற அதன் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) இறங்கும்; அதனால் உயர்ந்த ஒலிகளுக்குக் குறைந்த ஓம் டேப்தான் பொருந்துகிறது.