ஸ்கூபி டூ ரசிகர்களே, அந்த விண்வெளிப் பேயிடமிருந்து காப்பாற்றுங்கள்!

1969இல் தொடங்கிய முதல் ஸ்கூபி டூ கார்ட்டூன் தொடரை (நண்பர்கள் நால்வரும் ஒரு நாயும் மர்மங்களைத் துப்பறிவார்களே, அதுதான்) என் ஆறு வயது மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கைவிடப்பட்ட விமான தளத்தில், விண்வெளி உடைக்குள் ஒளிரும் மண்டையோட்டோடு ஒரு பேய் வருமே, அந்தப் பகுதி. உருவத்தைக்கூடத் தாங்கிக்கொண்டாள், அந்தச் சிரிப்புதான்! (எனக்கே வயிற்றைக் கலக்கியது.) கடைசியில் வேஷம் கலைந்து, உள்ளே இருந்தது மனிதன்தான் என்று தெரிந்தும், இரவில் விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள். ஆனால் தொடரை நிறுத்தவும் கூடாதாம்.

மொத்தம் இருக்கும் 25 பகுதிகளில், பயம் குறைவாகவும் ஷாகி, அவனுடைய நாய் ஸ்கூபி இருவரின் தீனிக் கூத்து அதிகமாகவும் உள்ளவை எவை? சொல்லுங்களேன். அப்புறம், 1985இல் வந்த ‘ஸ்கூபி டூவின் பதிமூன்று பேய்கள்’ தொடரில் நிஜப் பேய்களே வரும் என்பதால் அதை ஒளித்து வைத்துவிட்டேன். அதுபோல வேறு எதையெல்லாம் தள்ளிப்போட வேண்டும்?