விதை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால்

எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் நம் ஊர்ச் சங்கக் குழுவில் எழுதியதைப் படித்தேன். வெள்ளம் தாங்கும் நெல் விதையைச் சங்கச் செலவில் வாங்கி ஊரில் எல்லோருக்கும் கொடுக்கலாம், விவரம் தெரியாமல்தான் விவசாயிகள் வருஷா வருஷம் பயிரைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அண்ணே, அந்த விதையைப் பற்றி அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

அந்த வெள்ளம் தாங்கும் ரகம், சி.ஆர். 1009 சப்-1, பச்சைப் பயிராக இருக்கும்போது ரெண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் தழைத்துவிடும். 2022 நவம்பர் 11ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு அது உதவும். 2021 பொங்கல் சமயத்தில் அறுப்புக்கு நின்ற கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டதே, அதற்கு உதவாது. அதோடு அது 155 நாள் பயிர். மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்தால் ஒரு கணக்கு, 2024 மாதிரி ஜூலை 28ல் திறந்தால் வேறு கணக்கு. தண்ணீர் கடைமடைக்கு வந்து நாற்று விட்டு நட்டு முடிப்பதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பலர் நடவை விட்டுவிட்டு நேரடி விதைப்புக்குப் போனார்கள். அதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் விலை. இது குண்டு ரகம், அரசுக் கொள்முதல் நிலையத்தில் போடலாம், ஆனால் வியாபாரி கேட்பது சன்ன ரகம். பக்கத்து வயல்காரர் எல்லாம் குறைந்த நாள் சன்ன ரகம் போட்டிருக்க நீங்கள் மட்டும் 155 நாள் பயிர் போட்டால், அவர்கள் அறுக்கும்போது உங்கள் வயல் பச்சையாக நிற்கும், உங்கள் ஒரு ஏக்கருக்காக அறுவடை மெஷின் திரும்ப வராது, எலியும் குருவியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு தெரு ஆட்களாவது சேர்ந்து மாறினால்தான் மாற முடியும். வரப்பும் அப்படித்தான், ஒருவர் உயர்த்தினால் அடுத்தவர் வயல் மூழ்குகிறது, சண்டைதான் மிச்சம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது குத்தகை. ஊரில் உழுகிறவர்களில் பெரும்பாலோர் நம் நிலத்தைத்தான் உழுகிறார்கள், எங்கள் வீட்டு நிலமும் உண்டு. எல்லாம் வாய்ப்பேச்சு, வருஷத்துக்கு வருஷம். அடுத்த வருஷம் இந்த வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எதற்குக் கைக்காசு போட்டு மேடு பள்ளம் சமன் செய்வார், வடிகால் வெட்டுவார்? பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி பங்கு ஒன்றரை சதவீதம்தான், குத்தகைதாரரும் சேரலாம் என்றுதான் விதி. ஆனால் அதற்கு வேண்டிய அடங்கல், அதாவது சாகுபடிப் பதிவு, வாங்க விஏஓவிடம் போனால் நிலச் சொந்தக்காரர் சம்மதம் கேட்கிறார்கள், சொந்தக்காரர் சிங்கப்பூரில் தூங்குகிறார். சில சமயம் நிவாரணப் பணம் பட்டாக்காரர் கணக்குக்கே வந்துவிடுகிறது, அது உழுதவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவரவருக்குத் தெரியும். காப்பீடு கிடைத்தாலும் இழப்பைப் பெரும்பாலும் வருவாய் கிராமச் சராசரியில்தான் பார்க்கிறார்கள், பள்ளத்து வயல்காரருக்கு முழுசாகப் போயிருந்தாலும் மேட்டு வயல் விளைச்சல் அவரைக் கவிழ்த்துவிடும். இத்தனையும் பார்த்துவிட்டு ஒருவர் பழையபடியே செய்கிறார் என்றால் அவர் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்.

குத்தகையை எழுத்தில் போடப் பயப்படுகிறோம், 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி பிறகு எளிதில் வெளியேற்ற முடியாது என்று. அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் காப்பீட்டுக்கு ஒரு சம்மதக் கடிதம் கொடுப்பதில் என்ன போகிறது என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு பேசலாமே.

சங்கப் பணத்துக்கு என் யோசனை: கோடையில் தெற்கு வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் எடுக்கக் கொடுப்போம், பெரிய வாய்க்காலை அரசு தூர்வாரினாலும் நம் சின்ன வாய்க்கால் பக்கம் மெஷின் எட்டிப்பார்ப்பதில்லை. விதை வேண்டுமா, எந்த ரகம், எத்தனை பேர் சேர்ந்து போடுகிறார்கள் என்பதை உழுகிறவர்களே சொல்லட்டும். நிலம் வைத்திருப்பவர்கள் சம்மதக் கடிதம் பற்றி இங்கேயே பதில் போடுங்கள், நவம்பர் நடுவில் காப்பீட்டுக் கெடு வந்துவிடும்.