ஓப்பன் ஈவினிங்கில் தமிழ்ப் பெற்றோரிடம் எங்கள் பள்ளியைப் பற்றி என்ன சொல்லலாம்?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஒரு கம்யூனிட்டி செகண்டரி ஸ்கூலில் பெற்றோர் சார்பில் கவர்னராக, அதாவது பள்ளி நிர்வாகக் குழுவில் ஒருவராக, இருக்கிறேன். மகள் அங்கேதான் இயர் 9 படிக்கிறாள். செப்டம்பர் கடைசியில் ஓப்பன் ஈவினிங், பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிற பெற்றோர் பள்ளியைப் பார்க்க வருகிற மாலை. ஹோலில் தன்னுடைய பேச்சு முடிந்ததும் தமிழ்ப் பெற்றோரை லைப்ரரிக்குக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் தமிழில் கதைக்க முடியுமா என்று தலைமையாசிரியர் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். இப்போதுதான் யோசனையாக இருக்கிறது.

பள்ளி தந்த ஸ்லைடுகளைப் பார்த்தேன். மரியாதை, விடாமுயற்சி, துணிவு என்று மூன்று பெரிய சொற்கள், திருத்திக் கட்டிய சயன்ஸ் லாப், சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். இதை அப்படியே தமிழில் வாசித்தால் ஆருக்கும் ஒரு பிரயோசனமும் இருக்காது.

எங்கள் ஆட்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: “கிராமர் கிடைக்காவிட்டால் இது பரவாயில்லையா?” கிராமர் என்றால் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்கிற அரசுப் பள்ளி. பிள்ளையை இரண்டு வருடம் ரியூசனுக்கு அனுப்பிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் எங்கிருந்து தொடங்குவது? போதாததற்கு, கம்யூனிட்டி ஸ்கூல் என்றால் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று நடத்துகிற பள்ளியா என்று கோயிலில் ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

நீங்கள் பெற்றோராகப் போன இடங்களில் எது உண்மையில் உதவியது? எதைக் கேட்டு எரிச்சல் வந்தது?


ரெண்டாவது பெஞ்ச்:

போன வருஷம் மகனுக்காக நாலைந்து பள்ளிக்கூடம் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் பன்சன் பர்னரில் பச்சைத் தீ காட்டினார்கள். எல்லாத் தலைமையாசிரியரும் “இங்கே ஒவ்வொரு குழந்தையும் எங்களுக்கு முக்கியம்” என்றார்கள். வீட்டுக்கு வந்தபிறகு எது எந்தப் பள்ளி என்றே குழம்பிப் போச்சு.

ஒரே ஒரு இடம் மட்டும் நினைவில் நின்றது. அங்கே எங்களைச் சுற்றிக் காட்டியது இயர் 8 பையன் ஒருவன், பக்கத்தில் டீச்சர் யாரும் இல்லை. பாட நேரத்தில் டாய்லெட்டைப் பூட்டி வைப்பார்களா என்று கேட்டேன். “ஒன்று மட்டும் திறந்திருக்கும், அதற்கும் டீச்சரிடம் பாஸ் வாங்க வேண்டும், ஆனால் கேட்டால் கொடுப்பார்கள்” என்றான். சண்டை நடக்குமா என்றேன். “நடக்கும், அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்” என்றான். என் மனைவி அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டாள். ஆகவே சுற்றிக் காட்ட இயர் 7, 8 பிள்ளைகளை விடச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிரிஃபெக்ட் (மாணவத் தலைவர்) வேண்டாம்.


வரவேற்பறை அக்கா:

தங்கச்சி, நான் வேறொரு செகண்டரி பள்ளியில் வரவேற்பறையில் வேலை செய்கிறேன். ஓப்பன் ஈவினிங்கில் ஹோலுக்குள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வாசலில் பெயர் பதிந்துகொண்டிருப்பேன். ஆனால் திரும்பிப் போகும்போது என்ன கேட்கிறார்கள் என்பது நல்லாகத் தெரியும். கோட்டைப் போட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்பதுதான் மனதில் இருந்த கேள்வி. “பிள்ளை ஆள் சின்னன், பெரிய பெடியள் தள்ளிவிட மாட்டினமோ?” “எனக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது, போன் எடுத்தால் விளங்கிக்கொள்வார்களா?” உங்கள் பத்து நிமிடமும் இந்த இரண்டுக்கும் போகட்டும்.

கம்யூனிட்டி ஸ்கூல் விளக்கத்தை இரண்டு வசனத்தில் முடித்துவிடுங்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் அது ஒரு நிர்வாக வகை, அவ்வளவுதான்: நிலமும் கட்டடமும் கவுன்சிலுடையது, ஊழியர்களுக்கு முதலாளி கவுன்சில், சேர்க்கை விதியை வகுப்பதும் கவுன்சில். கட்டணம் இல்லை, பொதுவாக நுழைவுத் தேர்வு இல்லை, எந்தச் சமயம் என்ற கேள்வி இல்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் பெரும்பாலான செகண்டரி பள்ளிகள் அகாடமிகளாக மாறிவிட்டதால் இந்தப் பெயரைக் கேட்கிறவர்களுக்கு ஏதோ குறைந்த சாதி போலத் தோன்றுகிறது. அகாடமிக்கும் காசு அரசாங்கத்திடம் இருந்துதான் வருகிறது, அதை நடத்துவது ஒரு டிரஸ்ட் என்பதுதான் வித்தியாசம். இதற்கு மேல் நீட்டினால் பின் வரிசையில் ஆட்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைச் சொல்லுங்கள். பிரைமரியில் ஒரே வகுப்பறை, ஒரே ரீச்சர். இங்கே மணி அடிக்க அடிக்கப் பிள்ளை அறை மாற வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு ஆசிரியர். செப்டம்பரில் என் யன்னலடிக்கு வருகிற இயர் 7 பிள்ளைகளில் பாதிப்பேர் டைம்டேபிளைத் தொலைத்தவர்கள், மிச்சப்பேர் பிஈ (விளையாட்டு வகுப்பு) பையைப் பஸ்ஸில் விட்டவர்கள். ஒக்டோபர் லீவு முடிந்து வரும்போது எல்லாம் பழகியிருக்கும். இதை முதலே சொல்லி வைத்தால் பெற்றோருக்கு நித்திரை வரும்.

யாரிடம் கேட்பது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் சனம் ஒன்றில் வாயே திறக்காது, இல்லாவிட்டால் நேராகத் தலைமையாசிரியரைக் கேட்டு வந்து நிற்கும். முதலில் வகுப்புக்குப் பொறுப்பான ஃபோர்ம் டியூட்டர், அவரால் முடியாவிட்டால் அந்த இயர் முழுவதற்கும் பொறுப்பான ஹெட் ஒஃப் இயர். படிப்பில் கூடுதல் உதவி தேவையான பிள்ளை என்றால் அதற்குப் பொறுப்பான ஆசிரியர், சென்கோ என்பார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் காலையிலேயே வருகைப்பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், மத்தியானம் சொன்னால் அதற்குள் உங்களுக்கு மெசேஜ் வந்துவிடும். உடைந்த இங்கிலிஷில் போன் எடுக்கிறவர்களில் நாங்கள் யாரையும் கோபித்ததில்லை. ஒன்றும் கேட்காமல் இருப்பவர்களின் பிரச்சினைதான் எங்களுக்குத் தெரியாமல் போகிறது.

பேரன்ட்ஸ் ஈவினிங்குக்குப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒருமுறை, “வகுப்பில் ஓயாமல் கதைக்கிறான், வீட்டுப்பாடம் வருவதில்லை” என்று சயன்ஸ் ரீச்சர் சொன்னார். பெடியன் தாயிடம் திரும்பி, “நல்லாக் கதைக்கிறேனாம் அம்மா” என்றான். தாய் சந்தோசமாகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்கூட்டியே கேட்டால் பல பள்ளிகளில் பெரியவர் ஒருவரை ஒழுங்குபண்ணித் தருவார்கள்.

கன்டீன் பற்றியும் ஒரு வார்த்தை. பல பள்ளிகளில் சாப்பாட்டுக்கு விரல் ரேகை. படிவத்தைக் கண்டதும் பொலிஸ் கேஸ் மாதிரிப் பயப்படுகிறார்கள். 2012 சட்டப்படி பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பள்ளி அதை எடுக்க முடியாது, பிள்ளை தானே வேண்டாம் என்றும் சொல்லலாம், பள்ளி வேறு வழி தர வேண்டும்.

கடைசியாக இலவசச் சாப்பாடு. தகுதி இருந்தும் வெட்கத்தில் விண்ணப்பிக்காத குடும்பங்கள் எங்கள் ஆட்களிடம் நிறைய. பிள்ளை வீட்டுச் சோறு கொண்டு வந்தாலும் பதிந்து வையுங்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் பள்ளிக்கு பியூபில் பிரீமியம் என்ற கூடுதல் காசு வருகிறது. இதைக் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள், தனியாக ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னால் சங்கடப்படுவார்கள்.


புதுசா வந்தவன்:

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். சென்னையிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பையன் இப்போ இயர் 6, பிரைமரியின் கடைசி வருஷம். செகண்டரி விண்ணப்பத்தில் கிராமரை முதலிலும் பக்கத்துக் கம்யூனிட்டி ஸ்கூலை இரண்டாவதாகவும் போட்டால், “எங்களை இரண்டாவதாகப் போட்டவனுக்கு இடம் கிடையாது” என்று அந்தப் பள்ளி தள்ளிவிடாதா? ஆபீஸில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். இன்னொருவர், பக்கத்தில் வீடு இருந்தால் இடம் கிடைக்கும், அக்டோபரில் மட்டும் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்துவிடு என்கிறார்.


கணக்குப்பிள்ளை:

தம்பி, நீங்கள் எந்த வரிசையில் போட்டீர்கள் என்று பார்த்துப் பள்ளி இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் நீங்கள் தனி விண்ணப்பம் போட்ட மாதிரித்தான் கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தகுதி வந்தால், உங்கள் பட்டியலில் மேலே இருப்பதைக் கவுன்சில் உங்களுக்குத் தரும், கீழே இருப்பவை வேறு பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே உண்மையாக விரும்புகிற வரிசையில் எழுதுங்கள். லண்டனில் ஆறு வரை எழுதலாம். ஒரே பள்ளியை ஆறு தடவை எழுதினாலும், ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டாலும் ஒரு லாபமும் இல்லை. எழுதியது ஒன்றும் கிடைக்காவிட்டால், எங்கே இடம் மிச்சமோ அங்கே போடுவார்கள், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரமாக இருக்கலாம்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. முடிவு மார்ச் 1, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாள். கிராமர் தேர்வுக்கான பதிவு பெரும்பாலும் கோடையிலேயே மூடிவிடும், ஓப்பன் ஈவினிங் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க நேரம் இருக்காது.

ஃபிளாட் யோசனையை விட்டுவிடுங்கள். விண்ணப்பத்துக்காக மட்டும் எடுத்த முகவரி என்று தெரிந்தால், கொடுத்த இடத்தையே கவுன்சில் திரும்ப எடுக்கலாம். அதைவிட, கவுன்சிலின் இணையதளத்தில் போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஆனால் தூரம் முதல் விதி அல்ல. அந்தப் பள்ளியின் பெயர் எழுதிய ஈஎச்சி பிளான் (சிறப்புக் கல்வித் தேவைக்குக் கவுன்சில் எழுதித் தருகிற திட்டம்) உள்ள பிள்ளைக்கு இடம் உறுதி. பிறகு கவுன்சில் பராமரிப்பில் இருக்கிற அல்லது இருந்த பிள்ளைகள். அதன்பிறகு பல இடங்களில் அங்கே ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரங்கள். ஒரு வருடம் சகோதரங்கள் கூடினால் தூரம் சுருங்கிவிடும்.

மழைக்குருவி, உங்களுக்கும் ஒன்று. ரிசல்ட் பற்றிக் கேட்கத்தான் போகிறார்கள், தயாராகப் போங்கள். பிரைமரி முடிவிலிருந்து ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் எழுதுகிற பொதுத் தேர்வு) வரை பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டுகிற புரோகிரஸ் 8 எண் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுப் பள்ளி மறைக்கிறது என்பார்கள். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் இயர் 6 தேர்வு நடக்கவில்லை. ஒப்பிட ஆரம்பப் புள்ளி இல்லாததால் 2025, 2026 ஜிசிஎஸ்இ பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கும் அந்த எண் கிடையாது. அதேபோல, “ஆஃப்ஸ்டெட்டில் அவுட்ஸ்டான்டிங்கா?” என்பார்கள். பள்ளிகளைப் பரிசோதிக்கிற அமைப்புத்தான் ஆஃப்ஸ்டெட். ஒற்றைச் சொல் மதிப்பீட்டை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள், 2025 நவம்பரிலிருந்து துறைவாரியாக ரிப்போர்ட் கார்டு. ஒரு பள்ளியின் வாசலில் இன்னும் பழைய பேனர் தொங்கினால் அது எந்த வருடத்துப் பரிசோதனை என்று தேதியைக் கேளுங்கள்.


புதுசா வந்தவன்:

ரொம்ப நன்றி அண்ணா. ஃபிளாட் தேடுகிற ஆப்பை டெலீட் பண்ணியாச்சு.


மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்லைடுகளை ஹோலிலேயே விட்டுவிட்டு, லைப்ரரியில் வெறும் ஒரு தாள் கொடுக்கப் போகிறேன்: முன்பக்கம் யாரை எதற்குக் கேட்பது, பின்பக்கம் அக்டோபர் 31, மார்ச் 1, கவுன்சிலின் சேர்க்கைப் பகுதி. அக்காவின் “நல்லாக் கதைக்கிறேனாம்” கதையைத் திருடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

கிராமர் கேள்விக்கு மட்டும் இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: கிராமர் தேர்வு எழுதுகிற பிள்ளை எழுதட்டும், விண்ணப்பத்தில் கிராமரை மேலேயே போடுங்கள், எங்களுக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் இங்கே வந்தால் தோற்று வந்த பிள்ளையாக அவனை அனுப்பாதீர்கள். போன வருடம் மார்ச்சுக்குப் பிறகு அப்படி வந்த ஒரு பிள்ளை கிறிஸ்மஸ் வரை ஆரோடும் சேராமல் இருந்ததை மகள் வந்து சொன்னாள். இதைச் சொன்னால் மூஞ்சியை நீட்டுவார்களா?


வரவேற்பறை அக்கா:

சிலர் நீட்டுவார்கள். சொல்லுங்கள். பிள்ளைகளும் கூட இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்கும் காதில் விழட்டும். சென்கோவையும் அந்த நேரம் லைப்ரரியில் நிற்கச் சொல்லுங்கள், கூட்டத்துக்கு நடுவில் கேட்க முடியாத கேள்வி ஒன்றாவது வரும். தாளை இங்கே போட்டுவிடுங்கள் தங்கச்சி, நானும் ஒரு கொப்பி எடுக்கிறேன்.


ரெண்டாவது பெஞ்ச்:

தாளில் டாய்லெட் பாஸையும் சேர்த்துவிடுங்கள்!